இரவல் நிலம்

காஜாங்கைக் கடந்து செமினியை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் பால்மரங்கள் அணிவகுத்து நின்றன. பின்னர் அவ்விடங்களிற் பலவற்றைச் செம்பனை பிடித்துக்கொண்டது. இன்றோ வீடமைப்புத் திட்டங்களும் கடைவரிசைகளும் பல்கலைக்கழக வளாகமும் அந்நிலத்தை நிரப்பியுள்ளன. தோட்டம் போயிற்று, தோட்டத்தின் பெயர் மட்டும் போகவில்லை. இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளி இருக்கிறது; பெயர் இருக்கிறது. அப்பெயர் குறித்த வாழ்க்கை எங்கே இருக்கிறது?

முகநூலில் இருக்கிறது. இவ்விடை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. தோட்டங்களை விட்டுக் காஜாங்கிற்கும் பாங்கிக்கும் கிள்ளானுக்கும் சிதறிப்போன குடும்பங்கள் இன்று ஒன்றுகூடும் இடம் முகநூற் குழுவும் புலனக் குழுவுமே. லயத்து வாசலில் எடுத்த திருமணப் படம், முனியாண்டி கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு விழா, வெள்ளைக் காற்சட்டையுடன் நிற்கும் கிராணியார் என எல்லாம் அங்கே ஏறியுள்ளன. ஒரு படத்தின் கீழ் ஒருவர், "இடப்பக்கம் நிற்பவர் எங்கள் பெரியப்பா" என்று எழுதுகிறார். மற்றொருவர் அவருடைய பெயரைத் திருத்துகிறார். மூன்றாமவர் அவர் இறந்த ஆண்டைச் சேர்க்கிறார். எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத ஒரு வரலாறு இவ்வாறு துண்டு துண்டாக எழுதப்பட்டு வருகிறது.

இவ்வரலாறு யாருடைய நிலத்தில் எழுதப்படுகிறது என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. தோட்ட மக்கள் ஒருமுறை பிறர் நிலத்தில் வீடும் கோயிலும் பள்ளியும் எழுப்பி, நிலம் கைமாறியபோது அனைத்தையும் விட்டு வெளியேறியவர்கள். அவர்களே தங்கள் நினைவுகளையும் பிறர் நிலத்தில் கொண்டுபோய்க் குடியேற்றியிருக்கிறார்கள். இது தகுமா? தகாது எனின் வேறு வழி யாது? ஒரு சமூகம் தான் கூடிப் பேசும் இடத்தைத் தானே அமைத்துக் காக்க வேண்டுமா, அல்லது வல்லார் அமைத்த இடத்தில் வாடகைக்கு இருந்தால் போதுமா?

இதனைத் தொழில்நுட்பர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் சிக்கல் என ஒதுக்குவோர் உண்டு. அது சரியன்று. வீடு கட்டும் முறை கொத்தனார்க்குத் தெரியும். வீடு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது கொத்தனாரைக் கேட்டு முடிவு செய்வதன்று.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். 'மேகக் கணிமை' என்னும் தொடர் ஏதோ வானத்தில் மிதப்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அது மண்ணில் நிற்கும் கட்டடமே. ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி, இடையறாத மின்சாரமும் குளிரூட்டலும் கொடுத்து, அவற்றின் ஆற்றலை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தொழில் அது. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் இதனைப் பெருவணிகமாக நடத்தி வருகிறது; 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் தன் தரவு மையங்களைத் திறந்தது. கூகுள் நிறுவனம் 2024 மே மாதத்தில் இந்நாட்டில் 200 கோடி அமெரிக்க வெள்ளி முதலீட்டை அறிவித்தது. அதன் தரவு மையத்திற்குத் தேர்ந்த இடம் சிலாங்கூரின் எல்மினா வணிகப் பூங்கா. எல்மினா என்பது முன்னாளில் ஒரு தோட்டத்தின் பெயர் என்பதை முதியோர் அறிவர்.

புத்ராஜெயாவின் கதையும் அத்தகையதே. பிராங் பெசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த மண்ணில் 1990களில் புதிய நிர்வாகத் தலைநகர் எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. அவர்கள் வாழ்ந்த லயத்து வீட்டிற்கு வாடகை இல்லை, கூரை ஒழுகினால் தோட்டத்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவான், தண்ணீரும் தோட்டத்தினுடையதே. அவ்வளவு வசதியும் ஒரு விற்பனை ஆவணத்தின் முன் பயனற்றுப் போயிற்று. வீடு வசதியாக இருந்ததா என்று எவரும் வினவவில்லை. வீடு யாருடையது என்பதே வினாவாயிற்று.

கணினியுலகிலும் இத்தகைய வெளியேற்றங்கள் நிகழ்ந்துள்ளன. தமிழர்க்கு அவற்றில் நேரடி இழப்பு உண்டு. இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் ஆர்வலர்கள் பலர் யாகூ நிறுவனத்தின் இலவச இடத்தில் தங்கள் பக்கங்களை அமைத்தனர். ஜியோசிட்டீஸ் என்னும் அவ்விடம் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் யாகூ குழுமங்களில் தமிழிலக்கிய உரையாடல்கள் பல ஆண்டுகள் செழித்தன. சுங்கைப் பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி அவர்கள் நடத்திய 'அகத்தியர்' குழு அவற்றுள் ஒன்று. மலேசிய மண்ணிலிருந்து உலகத் தமிழர் பலரை அது ஒரு திண்ணையில் அமர்த்தியது. 2019 டிசம்பரில் யாகூ அக்குழுமங்களில் சேர்ந்திருந்த எழுத்துகளை நீக்கத் தொடங்கியது; 2020 டிசம்பரில் முழுமையாக மூடியது. ஆர்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மறைந்தன. எவரும் குற்றம் செய்யவில்லை. எவரும் எவரையும் ஒடுக்கவில்லை. இலாபக் கணக்கில் அவை ஒவ்வா உறுப்புகளாயின, ஆகவே நீக்கப்பட்டன. தோட்டம் விற்ற துரைமாருக்கும் தொழிலாளர்மீது பகை இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். முகநூலில் குழு நடத்துவது ஒன்று. தாமே ஒரு சமூக வலைத்தளத்தை நிறுவி அதனைப் பெருநிறுவனத்தின் வாடகைக் கணினியில் ஓட்டுவது மற்றொன்று. முன்னதில் வீடும் நிலமும் பிறருடையவை. பின்னதில் வீடு நம்முடையது, நிலம் பிறருடையது. மூன்றாவதாக, கணினியையும் தாமே வாங்கித் தம் இடத்தில் வைத்துக் காப்போரும் உளர். பலரும் இம்மூன்றையும் குழப்பிக் கொண்டு பேசுவதால் வாதம் வீணாகிறது.

இரண்டாம் நிலையும் அச்சமற்றதன்று. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸ் தளத்தை அமேசான் தன் கணினிகளிலிருந்து நீக்கியது. 2021 சனவரியில் பார்லர் என்னும் அமெரிக்கச் சமூக வலைத்தளம் அவ்வாறே நீக்கப்பட, அதன் பயனர்கள் அனைவரும் ஒரே இரவில் கூரையிழந்தனர். வன்முறையைத் தூண்டும் பதிவுகளைப் பார்லர் போதிய அளவு நீக்கவில்லை என்பது அமேசான் கூறிய காரணம். அக்காரணம் வலிமையற்றது என்று கூறிவிட முடியாது. தன் வீட்டில் தீ மூட்டுவோனை வீட்டுக்காரர் வெளியேற்றுவது முறையே. ஆனால் நல்லோரை வெளியேற்றவும் பயன்படுவது அதே திறவுகோல்தான். அது யார் கையில் இருக்கிறது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிவிட்டன.

அங்ஙனமாயின் எல்லாரும் சொந்தக் கணினியைச் சுமந்துகொள்வதே அறம் என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்போர் வீடு காத்த வரலாறு உடையவர் அல்லர் என்றே கருத வேண்டியிருக்கிறது.

சொந்த வழங்கி என்பது ஒரு பசு. வாங்கிவிட்டால் மட்டும் பால் வராது. நாள்தோறும் கவனிக்க வேண்டும். மின்சாரம் போகும், வட்டு பழுதாகும், பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்ட அன்றிரவே அதனை அடைக்காவிட்டால் திருடன் புகுவான். ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோக்கோ என்னும் இளைஞர் 2016இல் மாஸ்டடான் என்னும் மென்பொருளை வெளியிட்டார். எவரும் அதனை எடுத்துத் தம் கணினியில் நிறுவி, தமக்கெனச் சிறியதொரு சமூக வலைத்தளம் அமைக்கலாம். அவ்வாறு அமைந்த ஆயிரக்கணக்கான தளங்கள் ஒன்றோடொன்று பேசவும் வல்லவை. ஊர்தோறும் தனித்தனி அஞ்சலகம் இருந்தும் எவ்வூர்க் கடிதமும் எவ்வூருக்கும் போய்ச் சேர்வது போன்றது அது. 2019 நவம்பரில் வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை டுவிட்டர் முடக்கியபோது இந்தியாவில் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். 2022 அக்டோபரில் டுவிட்டர் கைமாறியபோது உலகெங்குமிருந்து பெருங்கூட்டம் பெயர்ந்தது.

விடுதலைக்கு இதனினும் நல்ல ஏற்பாடு உண்டோ எனத் தோன்றும். ஆனால் பெருங்கூட்டம் பெயர்ந்த அதே 2022ஆம் ஆண்டில், மாஸ்டடான் டெக்னாலஜி என்னும் தளம் மூடப்பட்டது. தனியொருவர் 2017 முதல் தம் ஓய்வு நேரத்தில் காத்து வந்த தளம் அது. குடும்பக் கடமைகள் நெருக்கியதால் அவரால் தொடர இயலவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்ல அம்மென்பொருளில் வழி உண்டு. முன்பு எழுதிய பதிவுகளைப் புதிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வழி இல்லை. பெருநிறுவனம் இலாபம் குன்றியதால் கதவடைத்தது. நல்லவர் ஒருவர் வலிமை குன்றியதால் கதவடைத்தார். வெளியே நிற்பவனுக்கு இரண்டும் அடைத்த கதவுதான். ஆனால் அவரைக் குறை கூறுவதற்கும் இல்லை. ஆயிரம் பேரை இலவசமாகத் தம் வீட்டில் தங்கவைத்த ஒருவரிடம், வாழ்நாள் முழுதும் தங்கவைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை தங்கியவர்க்கு எப்படி வந்தது?

இதனினும் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. பிறர் பேசுவதற்கு இடம் கொடுப்பவன் அப்பேச்சுக்கும் பொறுப்பாளன் ஆகிறான். மலேசியர் இதனை மறக்கவியலாது. 2021 பிப்ரவரி 19ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி இணைய இதழை நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்திற்காகத் தண்டித்து, ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. குற்றமாகக் கொள்ளப்பட்டவை இதழாசிரியர் எழுதியவை அல்ல. வாசகர் ஐவர் எழுதிச் சென்ற கருத்துகள். காவல்துறை தெரிவித்தவுடன் அவை நீக்கப்பட்டன. எனினும் இடம் கொடுத்தவரே வெளியிட்டவர் எனச் சட்டம் கருதிற்று. சான்றுச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு அவ்வாறு ஊகிக்க இடந்தருகிறது. ஆகவே செமினியில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு தளத்தைத் தம் பெயரில் அமைத்தால், அதில் நள்ளிரவில் எவரோ எழுதிய வசைக்கு அவர் விடை சொல்ல வேண்டி வரலாம். முகநூற் குழு நடத்துவோர்க்கும் இப்பொறுப்பு முற்றிலும் இல்லாமற் போகவில்லை. ஆனால் அங்கு இடமளிப்பவன் ஒரு பெருநிறுவனம். 2025 சனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட பயனர் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது. சிறு தளங்களை அவ்விதி தொடுவதில்லை. பொதுச் சட்டம் தொடும்.

பொறுப்போடு அதிகாரமும் வருகிறது. தளத்தைக் காப்பவர் நினைத்தால் பிறருடைய தனிமடல்களையும் படிக்க முடியும்; தமக்கு ஒவ்வாதவரை நீக்க முடியும். கலிபோர்னியாவில் உள்ள முகமறியா நிறுவனத்திற்கு ஊர்ச் சண்டையில் அக்கறை இல்லை. ஊர்த் தளத்தைக் காப்பவரோ கோயில் நிர்வாகத் தேர்தலில் ஒரு கட்சியினராக இருக்கலாம்! தோட்டத்துப் பெரிய துரையைவிடத் தண்டலுக்கு அஞ்சியவர்களே மிகுதி என்பதைப் பழந்தோட்டக்காரர் சொல்லக் கேட்கலாம்.

இவ்விரு பக்கங்களையும் எடைபோடுவதற்குத் தமிழர்க்கு வெளியே சென்று அளவுகோல் தேட வேண்டியதில்லை. ஓலைச்சுவடியின் வரலாறே போதும். சுவடிகள் மடங்களிலும் கோயில்களிலும் இருந்தன. புலவர் வீட்டுப் பரணிலும் இருந்தன. முன்னது பெரிய இடம், பின்னது சொந்த இடம். எது காத்தது? உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி அலைந்த வரலாற்றில் இதற்கு ஒற்றை விடை இல்லை. திருவாவடுதுறை ஆதீனம் அரிய சுவடிகளைக் காத்துக் கொடுத்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பழுதான ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயிலிடப்பட்டன என்று அவருக்குச் சொல்லப்பட்டது. திருநெல்வேலியில் கவிராயர் இல்லம் ஒன்றில் ஏடுகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் கண்டு அவர் உவந்தார். வேறு வீடுகளிலோ அவை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. இடம் பெரிதாயிருந்ததும் காப்பாற்றவில்லை, சொந்தமாயிருந்ததும் காப்பாற்றவில்லை. ஓலைக்கு ஆயுள் சில நூறாண்டே. ஆகவே இன்று எஞ்சியிருப்பவை எல்லாம் யாரோ மீண்டும் படியெடுத்தவை. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் இருந்தவை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்நூலகம் அம்மக்களின் சொந்த நூலகந்தான். பொருள் திரட்டிக் கட்டியதுதான். பகைவன் மூட்டிய தீக்கு அது வேறுபாடு அறியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்ததும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் கையால் தட்டச்சு செய்து எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ள விட்டதும் இந்தப் பாடத்தைக் கற்றதன் விளைவுகளே. மதுரைத் திட்டத்தின் நூல் ஒன்று இன்று எத்தனை கணினிகளில் இருக்கும் என்று அத்திட்டத்தை நடத்துவோராலும் சொல்ல இயலாது. சொல்ல இயலாமையே அதன் காப்பு.

மேகமும் எரியும். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீப்பற்றி அழிந்தது. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் மீண்டனர். பெருநிறுவனத்திடம் இருக்கிறதே என்று வாளாவிருந்தோர் இழந்தனர்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, கணினி யாருடையது என்பது இரண்டாம் வினாவாகிறது. முதல் வினா, நாளை வெளியேற வேண்டி வந்தால் எதனை எடுத்துக்கொண்டு வெளியேற முடியும் என்பதே. லயத்துத் தொழிலாளியின் அடிமைத்தனம் அவர் பிறர் வீட்டில் இருந்ததால் மட்டும் வந்ததன்று. நகரத்தில் வாடகைக்கு இருப்போரும் பிறர் வீட்டில்தான் இருக்கின்றனர். ஆனால் அவர்களுக்கு அடையாளம், சேமிப்பு, அண்டை அயல், பிள்ளையின் பள்ளி ஆகியவை வீட்டுக்காரரைச் சார்ந்தவை அல்ல. தோட்டத் தொழிலாளிக்கு வேலை, வீடு, கோயில், பள்ளி, கடைக்கணக்கு அனைத்தும் ஒரே கையில் இருந்தன. ஆதலின் அக்கை மூடியபோது அவருக்கு எஞ்சியது உடுத்திய துணியே. முகநூற் குழுவும் அத்தகையது. ஒருவர் தம் சொந்தப் பதிவுகளைப் படியெடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரியப்பாவின் பெயரைத் திருத்தியவரும் அவர் இறந்த ஆண்டைச் சேர்த்தவரும் எழுதியவற்றோடு சேர்த்து, அந்த உரையாடல் முழுவதையும் எடுத்துச் செல்ல எளிய வழி இல்லை. அக்குழுவின் முகவரியும் அக்குழுவினருடையதன்று.

ஆகவே சொந்தமாக வேண்டுவது முதலில் பெயர். அதாவது தளத்தின் முகவரி. அடுத்து, படி, முழுமையான, காலந்தவறாத படி. இவ்விரண்டும் கையில் இருந்தால், ஓட்டும் கணினியை அமேசானிடம் வாடகைக்கு எடுப்பதிலும் பெரிய இழிவு இல்லை. வாடகைக்கு விட்டவன் வெளியேற்றினால் மறுநாள் வேறிடத்தில் அதே பெயரோடு அதே நினைவுகளோடு குடியேறலாம். இவ்விரண்டும் இல்லாமல் சொந்தக் கணினியை அலமாரிமேல் வைத்துப் பெருமை கொள்வோன், பட்டா இல்லாத நிலத்தில் மாளிகை கட்டியவனே.

ஆனால் பெயரையும் படியையும் யார் காப்பது என்னும் வினா எழாமல் இல்லை. தனியொருவர் காத்தால் அவர் தளர்ந்த நாளில் தளமும் தளரும். அவர் தண்டலாகவும் மாறக்கூடும். இங்கேதான் மலேசியத் தமிழர்க்குத் தங்கள் சொந்த வரலாற்றில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அன்று அழைக்கப்பட்ட அக்கொடுமையில் தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர் சங்கமே வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால்வெட்டும் கையே பங்குச் சான்றிதழையும் பிடித்தது.

அத்தொழிலாளருள் எவரும் தனியாக ஒரு தோட்டம் வாங்கியிருக்க முடியாது. துரை நல்லவர், விற்க மாட்டார் என்று நம்பிக் காத்திருக்கவும் அவர்கள் மறுத்தனர். தனிமுயற்சிக்கும் அடைக்கலத்திற்கும் இடையில் மூன்றாவது ஒன்று இருந்தது. அதற்குக் கணக்கேடும் ஆண்டுக்கூட்டமும் பூசலும் பொறுமையும் தேவைப்பட்டன. கூட்டுறவு என்பது இனிய சொல்தான். அதன் கூட்டங்களில் அமர்ந்தவர்க்கு அதன் கசப்பும் தெரியும். ஆயினும் அதிகாரம் வகிப்போரை வாக்கெடுப்பால் இறக்க முடியும் என்பது அக்கசப்பிற்கு ஈடாகப் பெறும் பேறு. முகநூலின் தலைவரை எந்தக் குழுவும் இறக்க முடியாது. தனிமனிதர் நடத்தும் தளத்தில் அவரையும் இறக்க முடியாது.

மலேசியாகினி வழக்கிலும் மக்கள் இவ்வாறே நடந்து காட்டினர். அபராதத் தொகையை வாசகர்கள் சில மணி நேரத்திலேயே திரட்டிக் கொடுத்துவிட்டனர். இடம் கொடுத்தவர் சுமந்த பொறுப்பை அவ்விடத்தில் அமர்ந்தவர்கள் பகிர்ந்துகொண்டனர் என்பதே அதன் பொருள்.

தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் உண்டு. செயலாளரும் பொருளாளரும் தணிக்கையாளரும் உண்டு. ஆண்டுதோறும் விருந்து நடத்தப் பணமும் உண்டு. அச்சங்கத்தின் பெயரில் ஒரு முகவரியைப் பதிவு செய்வதற்கு ஆகும் ஆண்டுச் செலவு, அவ்விருந்தில் ஒரு மேசைக்கு ஆகும் செலவைத் தாண்டாது. இரண்டு இளைஞர் அதன் நுட்பப் பணியை ஏற்கலாம். ஒருவர் விலகினால் மற்றவர் இருப்பார். திங்கள்தோறும் எடுக்கும் படியை ஒரு வட்டில் பள்ளி நூலகத்திலும் மற்றொரு வட்டில் வேறோர் ஊரிலும் வைக்கலாம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கோயில் உபயத்திற்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இடையே இதற்கும் ஒரு வரி இருக்குமா? கிராணியாரின் படம் இப்போதைக்கு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதன் மூலப்படம் வைத்திருந்த வீடு லயத்தோடு போயிற்று.